கோபுரம் படுக்குமாங்க?

ஏப்ரல் 3, வியாழன்

புது ஆள் வந்துவிட்டான். பெயர் சிபிச்சக்கரவர்த்தி. சக்கரவர்த்தி என்பதால் சிம்மாசனம் ஜன்னல் ஓரம் வேண்டும் போலிருக்கிறது. நான் குடோனுக்குப் போய்விட்டு வருவதற்குள் என் மேஜை சுவர்ப் பக்கம் நகர்ந்திருந்தது. "மேடத்துக்கு வெயில் பட்டா தலைவலி வருமுன்னு சொன்னாங்க. அதானுங்க மாத்திப் போட்டனுங்க" என்கிறான். என் தலை, என் வலி. இவனை யார் கேட்டது? "பரவால்லீங்க, தாராளமா உக்காருங்க" என்றேன். கோயம்புத்தூரில் கழுத்தை நெரிப்பதானாலும் 'ங்க' போட்டுத்தான் நெரிக்க வேண்டும்.

வாயில் அவர், இங்கே அவன். இந்த நோட்டுக்குள் நான் யாருக்கும் மரியாதை கொடுக்க வேண்டியதில்லை.

மத்தியானம் முதலாளி ஆறுச்சாமி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். இதுவரை இன்வெர்ட்டருக்குச் சூட்டை இறக்கும் வெப்பத்தகடு செய்துகொண்டிருந்தோம். இனிமேல் கம்ப்யூட்டருக்குக் கூலர். ஓசூரில் பெரிய பெரிய கம்ப்யூட்டர்களைக் கட்டிக் கொடுக்கும் கம்பெனி ஒன்று மாதிரி கேட்டிருக்கிறது. மே மாதம் சோதித்துப் பார்ப்பார்களாம். தேறினால் தனிப் பிரிவே தொடங்கிவிடலாம் என்கிறார். வரைவது நான், செய்வது அவன்.

"ஒரு பிரிவுக்கு ரெண்டு தலை ஆகாதுங்க. மாதிரி தேறட்டும். அப்பறம் ஒருத்தருதான் பாக்கப் போறீங்க. ஆருன்னு வேலையே சொல்லீரும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன அம்மிணி, நாஞ் சொல்றது சரிதான?" என்றார்.

அவனை 'தம்பி, வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுகிறார். வாட்ச்மேனுக்குக்கூட 'ங்க' உண்டு. இந்தக் கம்பெனியில் அவர் 'அம்மிணி, நீ' என்று பேசுவது இரண்டே பேரிடம். ஒருத்தி அவர் பெற்ற மகள், இன்னொருத்தி நான். சக்கரவர்த்தி அதைக் கவனித்திருப்பான் என்று நம்புகிறேன்.

ஏப்ரல் 7, திங்கள்

வரைபடம் முடிந்தது. சொல்லக் கூடாது, ஆனால் அழகாக வந்திருக்கிறது. அடியில் செம்புக் கட்டை. அது கம்ப்யூட்டரின் மூளைச் சில்லு மேல் உட்காரும். கட்டைக்குள் புகுந்து இரண்டு பக்கமும் வெளியே வந்து மேலே போகும் நான்கு குழாய்கள், கொண்டை ஊசி மாதிரி வளைத்தவை. அவற்றில் கோத்த அலுமினியத் தகடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. பக்கவாட்டில் காற்றாடி. நினைவகத் தகடுகள் இடிக்கக் கூடாது என்பதற்காகத் தகட்டு அடுக்கையே ஒரு பக்கமாக ஒதுக்கி வரைந்திருக்கிறேன். அந்த ஒதுக்கலை இந்த ஊரில் வேறு யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

உலகம் பூராவும் இதை டவர் கூலர் என்கிறது. நான் கோபுரம் என்று பெயர் வைத்தேன். காலையில் வைத்த பெயர், மத்தியானத்துக்குள் பிரஸ் ஓட்டும் மல்லிகா வரை எல்லோரும் கோபுரம் கோபுரம் என்கிறார்கள்.

வீட்டில் தங்கராசு, இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். என் புருஷன் ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் பார்ப்பவர், இதையெல்லாம் கேட்காமல் விடமாட்டார். இட்லிப் பானையை வைத்துச் சொன்னேன். குழாய்க்குள் காற்றை உறிஞ்சிவிட்டுச் சொட்டுத் தண்ணீர் விட்டு மூடியிருப்பார்கள். அடியில் சூடு பட்டதும் அது ஆவியாகி மேலே போகும். மேலே தகடும் காற்றும் குளிர்விக்கும். மூடியில் வேர்த்துச் சொட்டுகிற மாதிரி தண்ணீராகித் திரும்ப அடிக்கு வந்துவிடும். குழாயின் உள்சுவரில் அதற்கென்றே வரிவரியாக மெல்லிய பள்ளம், காடி என்போம், வெட்டியிருக்கும்.

"பானையைச் சாய்ச்சா?" என்றார்.

"இட்லிப் பானைய ஆராவது சாய்ப்பாங்களா? சாப்புடுங்க பேசாம" என்றேன்.

ஏப்ரல் 9, புதன்

அவன் தினமும் புளிசோறு கொண்டுவருகிறான். அறையே நாறுகிறது.

ஏப்ரல் 16, புதன்

இன்று வயிறு எரிந்துபோய் எழுதுகிறேன். தகடுகளுக்கு நடுவில் நான் போட்ட இடைவெளியை அவன் பாட்டுக்கு அகலப்படுத்திவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. மல்லிகாவிடம் சொல்லி அச்சையே மாற்றியாகிவிட்டது. நான் போய் நின்றபோது பிரஸ்ஸிலிருந்து புதுத் தகடுகள் விழுந்துகொண்டிருந்தன.

"ஏனுங்க, என்ற வரைபடத்துல இருக்கற அளவு உங்களுக்குக் கண்ணு தெரியலீங்களா?"

"தெரிஞ்சுதுங்க மேடம். நீங்க போட்ட அளவுக்குத் துளைக் கழுத்து வெடிச்சுருதுங்க. நீங்களே பாருங்க."

ஒரு கூடை நிறைய வெடித்த தகடுகளைக் காட்டினான். குழாயைப் பிடித்துக்கொள்வதற்காகத் துளையின் விளிம்பு கழுத்து மாதிரி எழும்பி நிற்க வேண்டும். அடுத்த தகடு அந்தக் கழுத்தின் மேல்தான் உட்காரும். அதனால் கழுத்தின் உயரம்தான் இடைவெளி. எல்லாக் கழுத்தும் கீறி இருந்தது. உயரத்தைக் குறைத்தால்தானே வெடிக்காமல் இருக்கும், கூட்டினால் இன்னும் வெடிக்குமே என்று கேட்டேன். முதலில் சின்னத் துளை குத்தி, இரண்டு தடவையாக இழுத்தானாம், அதனால் வெடிக்கவில்லையாம். காற்றும் சுலபமாகப் போகிறதாம், காற்றாடிச் சத்தமும் குறைகிறதாம்.

"அதை எங்கிட்டச் சொல்லீட்டுச் செய்யறதுக்கென்னுங்க?"

"மூணு தடவ வந்தனுங்க மேடம். நீங்க, அப்பறம் அப்பறம்னு சொன்னீங்க."

மல்லிகா குனிந்து தகடு பொறுக்குவது போலச் சிரித்தாள். நான் பார்க்கவில்லை என்று நினைப்பு.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "காத்து நல்லாப் போனா நல்லதுதான அம்மிணி?" என்றார். நல்லதுதான். அதற்காக?

ஏப்ரல் 21, திங்கள்

குழாய் வாங்குவதில் சண்டை. நான் எழுதியது வரிக் குழாய். உள்ளே காடி வெட்டியது, சுத்தமாக வளையும், தட்டையாக அழுத்தினாலும் கெடாது. அவனுக்குப் பொடிக் குழாய்தான் வேண்டுமாம். உள்சுவரில் செம்புப் பொடியைச் சுட்டு ஒட்டியது. "பொடி, பஞ்சு மாதிரி தண்ணிய எந்தப் பக்கமும் உறிஞ்சுமுங்க மேடம்" என்று ஆரம்பித்தான். குழாயைப் பற்றி எனக்குப் பாடம்! நான் கல்லூரியில் வெப்பவியல் படித்தபோது இவன் டவுசர் போட்டுக்கொண்டு பெருந்துறையில் கோலி விளையாடிக்கொண்டிருந்திருப்பான்.

"டிசைன் என்றதுங்க. குழாய் டிசைனுக்குள்ள வருதுங்களா, செய்யறதுக்குள்ள வருதுங்களா?"

"டிசைனுக்குள்ளதானுங்க."

"அப்பறமென்னுங்க?"

"ஒண்ணுமில்லீங்க" என்றான். வாயை மூட வைத்தாயிற்று. வரிக் குழாய்க்கே சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

சோதனை. முதல் கோபுரம் நிற்கிறது!

சோதனை மேஜை இன்வெர்ட்டர் தகட்டுக்காக நான் செய்ததுதான். மேஜை மேல் சில்லுக்குப் பதிலாகச் சூட்டுக் கட்டை, அதன் மேல் கோபுரத்தை நிமிர்த்தி முறுக்கி, நடுவில் பசை தடவி, காற்றாடியை ஓட விட்டோம். முழுச் சூட்டில் எழுபத்தொரு டிகிரியைத் தாண்டவில்லை. ஓசூர்க்காரர்கள் எண்பது வரை விடுகிறார்கள். மல்லிகா கை தட்டினாள். எல்லோருக்கும் டீயும் முட்டை போண்டாவும் வந்தன. முதலாளியும் வந்து மூலையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாழ்க்கை பூராவும் பிரஸ் பக்கத்தில் நின்று மந்தமான காது. பேப்பரைப் பிரித்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது.

அப்போது பார்த்துச் சக்கரவர்த்திக்கு வாய் அரித்தது.

"மேடம், இதை ஒருக்கா படுக்க வெச்சும் பாத்தரலாமுங்களா?"

"எதைப் படுக்க வெக்கறதுங்க?"

"கூலரைத்தானுங்க. பொட்டிக்குள்ள மாட்டுனா இது..."

"ஏனுங்க, கோபுரம் படுக்குமாங்க?" என்றேன். "கோயலுக்குப் போனா நீங்க தலையச் சாய்ச்சுட்டுத்தான் கும்புடுவீங்களா?"

கூடமே சிரித்தது. மல்லிகாவுக்குப் புரை ஏறிவிட்டது. அவன் காது மடல் சிவந்ததை நான் கண்ணால் பார்த்தேன். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இல்லீங்க, சும்மா கேட்டனுங்க" என்று போய்விட்டான். முதலாளி பக்கத்தைத் திருப்பினார்.

நல்ல நாள். ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

ஏப்ரல் 25, வெள்ளி

கேஸ் தீர்ந்துவிட்டது, பதிந்தேன். தலைக்குச் சாயம் வாங்க வேண்டும்.

நேற்று நடந்ததைத் தங்கராசுவிடம் சொன்னேன். மனுஷன் சிரிப்பார் என்று பார்த்தால், மேஜைக்கு அடியில் நிற்கிற எங்கள் பழைய கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்குள்ள பலகை செவுத்துல மாட்டுன காலண்டர் மாதிரியில்ல நிக்குது? அதுல மாட்டுனா உன்ற கோபுரம் எப்படி இருக்கும்?" என்றார்.

எப்படி இருந்தால் என்ன? காற்றாடி இருக்கிறது, காடி இருக்கிறது, இழுக்கும். எனக்குத் தெரியாததா? இவரிடம் இனி ஆபீஸ் பேச்சே பேசப் போவதில்லை.

மே 5, திங்கள்

மாதிரிகள் ஓசூருக்குப் போயின. பெட்டியின் மேல் 'கோபுரம்' என்று நானே எழுதினேன். தகட்டையும் குழாயையும் இணைத்த விதம் பற்றி மட்டும் ஒரு குறை. நான் ஈயப் பற்று வைக்கலாம் என்றேன். அவன் அழுத்திச் செருகினாலே போதும் என்று சாதித்துவிட்டான். இதை இங்கே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

மே 12, திங்கள்

தோற்றுவிட்டது.

ஓசூரிலிருந்து போன். தொண்ணூற்றேழு. கம்ப்யூட்டர் சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டதாம். மாதிரி எல்லாமே அப்படித்தானாம். முதலாளி போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு வாய்ப்புக் கொடுப்பார்களாம், ஜூன் முடிவதற்குள் புது மாதிரி. அதோடு சரி.

பயமாக இருக்கிறது. இந்த வேலை போனால் இந்த வயதில் என்னை யார் எடுப்பார்கள்? இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள்.

மே 13, செவ்வாய்

முதலாளி அறையில் மூன்று பேரும். அவர் வாய் திறக்கும் முன் நானே சொல்லிவிட்டேன். "இணைப்புத்தானுங்க காரணம். இங்க எழுபத்தொண்ணு வந்தது அங்க தொண்ணூத்தேழு வருதுன்னா, வழியில லாரி குலுங்குனதுல தகடு குழாயை விட்டுருச்சுங்க. ஈயம் வெச்சுருந்தா இந்தக் கதி வந்திருக்காதுங்க."

அவன் எழுந்து போனான். ஒரு கோபுரத்தை ரம்பத்தால் பாதியாக அறுத்துக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தான். வெட்டுப் பட்ட இடம் பளபளவென்றிருந்தது. "தகடு குழாயைக் கவ்விட்டிருக்குதுங்க. நகத்தை விட்டுப் பாருங்க, போகாதுங்க" என்றான். முதலாளி நகத்தை விட்டுப் பார்த்தார். போகவில்லை.

"இது லாரியில போகாததுங்க. போனதை அறுத்துப் பாக்கோணுமுங்க" என்றேன்.

நாடகக்காரன். என் மாதிரியை என் கண் முன்னால் அறுக்கிறான்.

"அப்ப மேடமே ஒருக்கா ஓசூர் போய்க் கையில தொட்டுப் பாத்துட்டு வரட்டுமுங்க, முதலாளி" என்றான். "வேற ஆரும் வேண்டாமுங்க. மேடம் பாத்தாப் போதும். மேடத்துக்குத் தெரிஞ்சுருமுங்க."

என்னை ஊரை விட்டுக் கிளப்பிவிட்டு முதலாளி காதைக் கடிக்கலாம் என்று திட்டம். போகிறேன். போய், இணைப்பு ஆடுவதைப் படம் பிடித்துக் கொண்டுவந்து மூஞ்சியில் எறிகிறேன்.

மே 16, வெள்ளி

ஓசூர்.

சோதனை அறையில் பொறியாளர் பெண் ஒருத்தி, கெட்டிக்காரி மாதிரித் தெரிந்தாள். பெட்டியின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிக் காட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். பலகை நெட்டுக்குத்தாக நின்றது. என் கோபுரம் அதிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு படுத்திருந்தது.

தகட்டை ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. ஒன்றுகூட ஆடவில்லை. லாரி குலுங்கியதாம், மண்ணாங்கட்டி.

கையை வைத்தேன். மேல் பாதி, விரலை வைக்க முடியவில்லை. கீழ்ப் பாதி ஜில்லென்று இருந்தது. ஒரே தகடு, மேலே கொதிக்கிறது, கீழே பச்சைத் தண்ணீர் மாதிரி. கொண்டை ஊசிக் குழாயின் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. மேல் காலில் தண்ணீர் தானே வடிந்து திரும்புகிறது. கீழ்க் காலுக்குப் போனது அங்கேயே தேங்கிவிட்டது. காடியால் அதை ஏற்ற முடியவில்லை. பாதிக் கூலர் சும்மா கிடக்கிறது.

அறையில் யாரும் இல்லை. ஒயர்களைப் பிடித்துக்கொண்டு பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்தேன். கோபுரம் நிமிர்ந்தது. திரையில் எண் இறங்க ஆரம்பித்தது. தொண்ணூறு, எண்பத்தைந்து, எண்பது. அதற்குக் கீழும் போனது. பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு பெட்டியை இருந்த மாதிரியே நிறுத்திவிட்டேன். அந்தப் பெண் வரும்போது எண் பழையபடி மேலே ஏறிக்கொண்டிருந்தது.

பஸ் ஸ்டாண்டில் முதலாளியின் போன்.

"என்ன அம்மிணி, பாத்தியா?"

"பாத்தனுங்க. இணைப்புத்தானுங்க. நான் சொன்னதுதான். குழாயையும் எதுக்கும் மாத்திரலாமுங்க, ஒரு பாதுகாப்புக்கு."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"நல்லாப் பாத்தியா அம்மிணி?"

"நல்லாப் பாத்தனுங்க."

"சரி, பத்தரமா வா" என்றார்.

குழாய் விற்றவன் ஒழுங்காக எடுத்துச் சொல்லியிருந்தால் இதெல்லாம் வந்திருக்காது. யார் மேல் தப்பு என்றால் அவன் மேல்தான்.

மே 20, செவ்வாய்

சிபி வேலையை விட்டுவிட்டார். முதலாளி போகச் சொல்லவில்லையாம். தானாகவே, "இணைப்பு என்ற பொறுப்புங்க. அதுதான் தப்புன்னு முடிவாயிருச்சுன்னா நான் இருக்கக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டாராம். மல்லிகா வந்து சொன்னாள். சொல்லும்போது என் முகத்தையே பார்த்தாள்.

சாயங்காலம் என் மேஜைக்கு வந்தார். கையில் சாப்பாட்டுத் தூக்கு மட்டும்.

"பொடிக் குழாய்க்குச் சொல்லீட்டீங்களாமா மேடம்?"

"சொல்லியாச்சுங்க."

"அது போதுமுங்க. வேற எதையும் மாத்தாதீங்க. நீங்க தகட்டை ஒதுக்கி வரைஞ்சீங்க பாருங்க, அது பிரமாதமுங்க. நான் எங்கியும் பாத்ததில்லீங்க."

"சரீங்க, போயிட்டு வாங்க" என்றேன். "போறனுங்க" என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை. வாசலில் முதலாளியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

மேலே படித்துப் பார்த்தால் 'வந்தார், என்றார்' என்று எழுதியிருக்கிறேன். கை தவறிவிட்டது. அவன். போனான். ஒழிந்தான்.

மே 26, திங்கள்

புதுச் சோதனைத் தாங்கி செய்யச் சொன்னேன். கீல் வைத்தது. கோபுரத்தை நிறுத்தவும் செய்யலாம், படுக்கவும் வைக்கலாம்.

"அக்கா, இது அந்தச் சிபித் தம்பி அன்னைக்குச் சொன்னதுதானுங்க?" என்றாள் மல்லிகா.

"உன்ற வேலையப் பாரு" என்றேன். பிரஸ் சத்தத்தில் காதில் விழுந்ததோ இல்லையோ, திரும்பவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எதையுமே கேட்கவில்லை. மத்தியானம் டீ குடிக்கவும் கூப்பிடவில்லை. இவளுக்கெல்லாம் ரொம்பத்தான் ஏறிப்போயிற்று.

ஜூன் 3, செவ்வாய்

பொடிக் குழாய் போட்ட கோபுரம். நிறுத்தி எழுபது. படுக்க வைத்து எழுபத்திரண்டு. தலைகீழாகக்கூடத் தொங்கவிட்டுப் பார்த்தேன், எழுபத்து மூன்று. தகட்டின் கீழ்ப் பாதியில் கை வைத்தேன். சுட்டது. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

இணைப்பில் ஈயம் வைக்கவில்லை. அழுத்திச் செருகியதுதான். அது நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

தேறிவிட்டது! ஓசூர்க்காரர்களே போன் செய்து சொன்னார்கள். முதலாளி எல்லோருக்கும் மைசூர்பா வாங்கி வந்தார். கோபுரத்தைக் கையில் எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பி, மேஜை மேல் படுக்க வைத்தார். கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள்.

"படுக்க வெச்சுப் பாக்கோணுமுன்னு மொதல்ல ஆருங்க சொன்னது?" என்று கேட்டார்.

பொதுவாகத்தான் கேட்டார். மல்லிகா மைசூர்பாவை வாயில் போடாமல் கையில் வைத்திருந்தாள். சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நாக்கு வரை வந்தது. சொன்னால் அப்புறம் ஓசூரில் என்ன பார்த்தாய் என்பார், போனில் ஏன் அப்படிச் சொன்னாய் என்பார், அந்தப் பையனை ஏன் போக விட்டாய் என்பார். அதற்கெல்லாம் நான் எங்கே போவேன்?

"நான்தானுங்க" என்றேன்.

முதலாளி தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. கோபுரத்தை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"நல்லதுங்க, மேடம்" என்றார். "இந்தப் பிரிவை இனி நீங்களே பாத்துக்குங்க."

மேடம். நீங்க.

வாசல் வரை போனவர் நின்று திரும்பினார். "அன்னைக்குக் கோபுரம் படுக்குமாங்கன்னு கேட்டீங்களே, பேப்பருக்குப் பின்னால நானும் சிரிச்சனுங்க, மேடம். சிரிச்சிருக்கக் கூடாதுங்க" என்றார்.

போய்விட்டார். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். மைசூர்பா டப்பா திறந்தே கிடந்தது.

பிரிவுத் தலைவி ஆகிவிட்டேன். கேட்டது கிடைத்துவிட்டது. தலைவியை மேடம் என்றுதானே கூப்பிடுவார்கள். அதுதான் முறை. எல்லோர் முன்னாலும் அம்மிணி கொம்மிணி என்றால் நன்றாகவா இருக்கும்?

வீட்டில் தங்கராசு என்ன ஆச்சு என்றார். தேறிவிட்டது என்றேன். அப்புறம் ஏன் அழுகிறாய் என்றார். வெங்காயம் என்றேன். அடுப்பில் பால்தான் இருந்தது.

ஜூன் 11, புதன்

மேஜையைப் பழையபடி ஜன்னல் ஓரத்துக்கு மாற்றிக்கொண்டேன். பதினோரு மணிக்கெல்லாம் வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது. தலைவலி.

முதலாளி அந்த வழியாகப் போனவர் நின்றார். அம்மிணி என்று வாயெடுப்பார் என்று காத்திருந்தேன்.

"டீ குடிச்சீங்களா, மேடம்?"

குடித்தேன் என்றேன். குடிக்கவில்லை.